மூன்று பேர் மனம் மாறியிருந்தால்: 1779இல் வர்ஜீனியா தன் கவர்னரைத் தேர்ந்தெடுத்த விதம்

பழுப்பேடு

1779 ஜூன் 1. வில்லியம்ஸ்பர்க் நகரில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலச் சட்டமன்றம் கூடியிருக்கிறது. புதிய கவர்னரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று பெயர்கள் முன்னால் இருக்கின்றன: தாமஸ் ஜெஃபர்சன், ஜான் பேஜ், இளைய தாமஸ் நெல்சன். முதல் சுற்றில் ஜெஃபர்சனுக்கு 55, பேஜுக்கு 38, நெல்சனுக்கு 32. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. மறுபடி வாக்கெடுத்தார்கள். ஜெஃபர்சன் 67, பேஜ் 61.

ஆறு வாக்கு வித்தியாசம். உறுப்பினர்களில் மூன்றே பேர் மனம் மாறியிருந்தால் 64க்கு 64 என்று நின்றிருக்கும். சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய கை, அதற்கு மூன்றாண்டு கழித்துச் சொந்த மாநிலத்தில் அந்த அளவுக்குத்தான் செல்வாக்கோடு இருந்தது.

என்னை இழுத்தது அந்த எண்கள் மட்டும் இல்லை. ஜெஃபர்சனும் பேஜும் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். ஜெஃபர்சனுக்கு இருபது வயது இருக்கும்போது ஒரு பெண்மேல் ஆசை வந்து, அதைச் சொல்ல முடியாமல் தவித்தபோது, புலம்பிப் புலம்பிக் கடிதம் எழுதியது இந்த பேஜுக்குத்தான். அப்படிப்பட்ட இரண்டு பேர் இப்போது எதிரெதிரே.

தேர்தல் முடிந்த மறுநாள் பேஜ் ஒரு கடிதம் எழுதினார். வாழ்த்துச் சொல்ல நீங்கள் தங்கியிருந்த இடத்துக்கு வந்தேன், நீங்கள் இல்லை, மனைவியைப் பார்க்க நான் உடனே ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது, தோற்ற கசப்பில் முகம் காட்டாமல் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள் என்பது அதன் சாரம். ஜூன் 3ஆம் தேதி ஜெஃபர்சன் பதில் போட்டார். நம் நண்பர்களின் ஆர்வம் நம் இருவரையும் போட்டியாளர்களாக நிறுத்தியது எனக்கு வேதனையாக இருந்தது, போட்டி அவர்களுடையது, நம்முடையது இல்லை, உங்களுக்கு வலியையோ எனக்கு மகிழ்ச்சியையோ தர முடியாத அளவுக்கு வாக்கு வித்தியாசம் அற்பமானது என்று எழுதினார்.

இந்தக் கடிதங்களை நான் முழு மனதோடு நம்புகிறேன். சம்பிரதாயத்துக்கு எழுதியவை இல்லை. ஆனால் ஒரு கேள்வி விடவே மாட்டேன் என்கிறது. ஒரு மாநிலத்தின் தலைமைப் பதவியை இழந்தவனுக்கு ஏன் வலிக்கவில்லை? நட்பின் பெருமை மட்டும்தான் காரணமா? அல்லது அந்தப் பதவியே வலிக்கும் அளவுக்குப் பெரிதாக இல்லையா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

முதல்பெஞ்சு

ஐயா, அடிப்படைக் கேள்வி. மக்கள் வாக்களிக்கவே இல்லையா? நமக்கு ஆளுநர் என்றால் குடியரசுத் தலைவர் நியமிப்பவர். அமெரிக்காவில் கவர்னர் என்றால் மக்கள் தேர்ந்தெடுப்பவர் என்று படித்திருக்கிறேன். இது இரண்டிலும் சேராமல் இருக்கிறதே.

வாய்க்கால்

முதல்பெஞ்சு தம்பி, நல்ல கேள்வி. 1776 ஜூன் 29ஆம் தேதி வர்ஜீனியா ஏற்றுக்கொண்ட அரசியலமைப்புச் சட்டத்தில் விடை இருக்கிறது. பெரும்பகுதி ஜார்ஜ் மேசன் எழுதியது. அதன்படி கவர்னரை ஆண்டுதோறும் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும் சேர்ந்து ரகசிய வாக்கில் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரதிநிதிகள் அவை தன் இடத்தில் வாக்களிக்கும், செனட் தன் இடத்தில் வாக்களிக்கும். பெட்டிகளை ஒரு பொது அறைக்குக் கொண்டு வருவார்கள். இரண்டு அவையிலிருந்தும் ஆட்கள் உட்கார்ந்து எண்ணுவார்கள். அவ்வளவுதான். தெருவில் ஊர்வலம் கிடையாது, மேடைப் பேச்சு கிடையாது.

பதவிக்காலம் ஒரே ஒரு வருடம். தொடர்ச்சியாக மூன்று வருடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதன்பின் நான்கு வருடம் வெளியே இருந்துவிட்டுத்தான் திரும்பி வரலாம். சட்டமன்றம் இயற்றும் சட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் இல்லை. அவையைக் கலைக்கவோ ஒத்திவைக்கவோ அதிகாரம் இல்லை. எட்டுப் பேர் கொண்ட ஒரு கவுன்சில் உண்டு, அதையும் சட்டமன்றமே தேர்ந்தெடுக்கும். முக்கியமான எதையும் அந்தக் கவுன்சிலின் ஆலோசனை இல்லாமல் கவர்னர் செய்ய முடியாது. கவுன்சில் சொன்ன ஆலோசனையைப் பதிவேட்டில் எழுதி, வந்திருந்தவர்கள் கையெழுத்துப் போட்டு வைக்க வேண்டும். சட்டமன்றம் கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும்.

ஆகவே நம் ஆளுநரோடு ஒப்பிட வேண்டாம். உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற அளவில் முதலமைச்சருக்குக் கொஞ்சம் கிட்ட வருவார். ஆனால் முதலமைச்சர் அவையைக் கலைக்கப் பரிந்துரைக்கலாம், அவையில் உட்கார்ந்து வழிநடத்தலாம். வர்ஜீனியா கவர்னருக்கு அந்த இரண்டும் இல்லை.

பழுப்பேடு ஐயாவின் கேள்விக்கு என் பதில்: ஆமாம், பதவி சின்னது. தெரிந்தே சின்னதாக வெட்டி வைத்தார்கள்.

மேசைவிளக்கு

ஏன் அப்படி வெட்டினார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் அந்த மனிதர்களுக்கு நாம் நியாயம் செய்ததாகாது.

அவர்கள் கண்ணெதிரே கண்டிருந்த கவர்னர் டன்மோர் பிரபு. வர்ஜீனியா இங்கிலாந்தின் குடியேற்றமாக இருந்தபோது அரசர் அனுப்பிய ஆள். 1774 மே மாதம் மக்கள் அவை பாஸ்டன் மக்களுக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது என்பதற்காக அவையைக் கலைத்தார். 1775 ஏப்ரலில் ராத்திரியோடு ராத்திரியாக வில்லியம்ஸ்பர்க் கிடங்கிலிருந்து வெடிமருந்தை எடுத்துப் போகச் செய்தார். ஜூன் மாதம் குடும்பத்தோடு கப்பல் ஏறிவிட்டார், அதன்பின் கப்பலில் இருந்தபடியே போர் நடத்தினார். ஒரே ஒரு மனிதனின் கையில் அவையைக் கலைக்கும் அதிகாரம் இருந்தால் என்ன ஆகும் என்று நேரில் பார்த்தவர்கள் எழுதிய சட்டம் அது. இங்கிலாந்தின் எந்தச் சட்டத்தையும் வழக்கத்தையும் காட்டிக் கவர்னர் எந்த அதிகாரத்தையும் செலுத்தக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்தார்கள். சூடு கண்ட பூனை.

அந்தச் சட்டத்தை ஏற்ற அதே நாளில் முதல் கவர்னரையும் தேர்ந்தெடுத்தார்கள். பேட்ரிக் ஹென்றிக்கு 60 வாக்கு, மூத்த தாமஸ் நெல்சனுக்கு 45, ஜான் பேஜுக்கு 1. இந்த மூத்த நெல்சன், 1779இல் நின்ற நெல்சனின் சித்தப்பா. பெயர் ஒன்றே என்பதால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஹென்றி மூன்று வருடம் இருந்தார், வரம்பு முடிந்தது, 1779இல் இடம் காலியானது.

கரிசல்மகள்

எல்லோரும் சட்டமன்றம் சட்டமன்றம் என்கிறீர்கள். அந்தச் சட்டமன்றத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒருவராவது சொல்லுங்கள்.

நிலம் வைத்திருந்த வெள்ளை ஆண்கள். பெண்களுக்கு வாக்கு இல்லை, நிலமில்லாதவனுக்கு இல்லை. வர்ஜீனியா மக்கள்தொகையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அடிமைகள். அவர்கள் உழைத்த நிலத்தைக் காட்டித்தான் எசமானர்கள் வாக்காளர் ஆனார்கள். 1779இல் போட்டியிட்ட மூன்று பேருமே அடிமைகளை வைத்திருந்த பெரிய குடும்பத்துக்காரர்கள்.

மேசைவிளக்கு, டன்மோரைப் பற்றி எழுதினீர்கள். 1775 நவம்பரில் அவர் வெளியிட்ட அறிவிப்பை விட்டுவிட்டீர்கள். கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் அரசரின் படையில் வந்து சேர்ந்தால் விடுதலை என்றார் அவர். அவர் நல்லெண்ணத்தில் செய்யவில்லை, படைக்கு ஆள் வேண்டும் என்று செய்தார். ஆனாலும் நூற்றுக்கணக்கானவர்கள் உயிரைப் பணயம் வைத்து அவரிடம் ஓடினார்கள். கவர்னர் பதவியின் மேல் இருந்த பயத்தில் அதுவும் கலந்திருக்கிறது. வெடிமருந்தை மட்டும் சொல்லிவிட்டு அதை விடக் கூடாது.

இன்னொன்று. ஒவ்வொரு கவுன்டிக்கும் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) இரண்டு உறுப்பினர், கவுன்டி பெரிதோ சிறிதோ. ஜெஃபர்சனே பிற்பாடு வர்ஜீனியா பற்றி எழுதிய குறிப்புகளில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். வார்விக் கவுன்டியில் ஆயுதம் ஏந்தக்கூடிய ஆண்கள் 100 பேர். லவுடன் கவுன்டியில் 1,746 பேர். இரண்டுக்கும் அவையில் ஒரே எடை. 67க்கு 61 என்ற எண்ணைப் பார்த்து நெகிழ்ந்து போவதற்குமுன், அந்த 128 பேருக்குப் பின்னால் நின்றவர்கள் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டும்.

பழுப்பேடு

கரிசல்மகள் அக்கா, நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மறுக்க மாட்டேன். முதல் பதிவிலேயே அதை எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. நட்பின் கடிதங்களில் மனம் போய்விட்டது.

ஆனால் உங்கள் கணக்கை வைத்துக்கொண்டே அந்த இரண்டு சுற்றையும் திரும்பப் பார்த்தேன். முதல் சுற்றில் மொத்தம் 125, இரண்டாவதில் 128. ஜெஃபர்சனுக்குக் கூடியது 12. பேஜுக்குக் கூடியது 23. நெல்சனின் 32 பேரில் பெரும்பாலானோர் பேஜ் பக்கம் போயிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. பேஜும் நெல்சனும் கடலோரச் சமவெளியின் பழைய குடும்பங்கள். பேஜின் ரோஸ்வெல் மாளிகை குளோஸ்டர் கவுன்டியில், நெல்சன் வீடு யார்க்டவுனில். நடுவே யார்க் ஆறுதான். ஜெஃபர்சன் உள்நாட்டு மேட்டுப்பகுதிக்காரர். கடலோரம் பேஜைச் சுற்றித் திரண்டது என்பது என் ஊகம். கட்சி என்று பெயர் இல்லாத காலத்திலும் ஊரும் உறவும் கட்சியாக வேலை செய்திருக்கின்றன.

வாய்க்கால்

ஊகம் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரகசிய வாக்கு என்பதால் யார் எங்கே போனார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஊகம் என்றே வைத்துக்கொள்வோம்.

ஜேம்ஸ்நதிக்கரை

ரிச்மண்டிலிருந்து எழுதுகிறேன். இங்கே வந்து பதினோரு வருடம் ஆகிறது. நீங்கள் 1779இல் நின்றுவிட்டீர்கள். இந்தத் தேர்தல் முறைக்கு உண்மையான சோதனை வந்தது 1781இல், இங்கிலாந்தோடு விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தபோது.

1780இல் ஜெஃபர்சன் மறுபடி தேர்வானார். தலைநகரமும் அந்த ஆண்டு ரிச்மண்டுக்கு வந்தது. 1781 ஜனவரியில் பெனடிக்ட் ஆர்னால்ட் ஆங்கிலேயப் படையோடு ஜேம்ஸ் நதி வழியாக வந்து ரிச்மண்டைப் பிடித்து எரித்துவிட்டுப் போனான். மே மாதம் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் தெற்கிலிருந்து உள்ளே வந்தார். சட்டமன்றம் ரிச்மண்டை விட்டு மேற்கே சார்லட்ஸ்வில்லுக்குப் போனது.

அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். ஜெஃபர்சனின் ஒரு வருடப் பதவிக்காலம் ஜூன் 2ஆம் தேதியோடு முடிகிறது. அன்று அடுத்த கவர்னரைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். ஜூன் 4க்குத் தள்ளி வைத்தார்கள். ஜூன் 3 ராத்திரி லூயிசா கவுன்டியில் குக்கூ என்ற சத்திரத்தின் அருகே ஜாக் ஜூயட் என்ற இளைஞன், ஆங்கிலேய அதிகாரி டார்ல்டனின் குதிரைப்படை மேற்கே விரைவதைப் பார்த்தான். எங்கே போகிறார்கள் என்று புரிந்துகொண்டு, பெருவழியை விட்டுக் காட்டுப்பாதையில் சுமார் 40 மைல் குதிரை ஓட்டினான். விடியும்முன் ஜெஃபர்சனின் மலைவீடான மான்டிசெல்லோவுக்குப் போய் அவரை எழுப்பினான். அங்கிருந்து சார்லட்ஸ்வில்லுக்கு இறங்கி உறுப்பினர்களை எழுப்பினான். ஏழு உறுப்பினர்கள் மாட்டிக்கொண்டார்கள், அதில் எல்லைப்புற வீரர் என்று புகழ்பெற்ற டேனியல் பூனும் ஒருவர். மற்றவர்கள் மலையைத் தாண்டி ஸ்டான்டனுக்கு ஓடினார்கள்.

கவர்னரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நாளில், தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் குதிரைமேல் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஜூன் 12 வரை வர்ஜீனியாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கவர்னர் இல்லை. அமெரிக்கா பிறந்து ஐந்தாவது வருடம், அதன் மிகப் பெரிய மாநிலம், நடுவீட்டில் எதிரி.

குக்கூ வழியாகப் பலமுறை போயிருக்கிறேன். இரண்டு நெடுஞ்சாலை சந்திக்கும் இடம், சாலையோரம் ஜூயட்டைப் பற்றி ஒரு வரலாற்றுப் பலகை. சுற்றிலும் வயல். ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்தி இறங்கி நிற்பேன்.

முதல்பெஞ்சு

அந்தச் சமயத்தில் ஜெஃபர்சன் பதவியை விட்டு ஓடிவிட்டார் என்று ஒரு காணொளியில் சொன்னார்களே? கோழை என்றே சொன்னார்கள்.

ஜேம்ஸ்நதிக்கரை

தம்பி, தேதியைப் பாருங்கள். அவர் தன் கணக்கில் ஜூன் 2ஆம் தேதியே கவர்னர் இல்லை. ஜூன் 4 காலையில் குடும்பத்தை முதலில் அனுப்பிவிட்டு, காகிதங்களை எடுத்துவைத்துக்கொண்டு, குதிரைப்படை மலையேறும் நேரத்துக்குச் சற்று முன்புதான் கிளம்பினார். அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். யாருமே பிடிபடக் காத்திருக்க மாட்டார்கள்.

கரிசல்மகள்

ஆனால் சட்டமன்றம் ஸ்டான்டனுக்குப் போனது, அவர் போகவில்லை. குடும்பத்தோடு தெற்கே பாப்ளர் ஃபாரஸ்ட் என்ற தன் இன்னொரு பண்ணைக்குப் போனார். பதவிக்காலம் தேதிப்படி முடிந்தது சரி. அடுத்தவர் வரும்வரை பொறுப்பில் நிற்பது ஒரு தலைவனின் கடமை இல்லையா? நாட்காட்டியைக் காட்டி விலகும் நேரமா அது? அவர் காலத்து ஆட்களே இதைக் கேட்டார்கள். எனக்கும் அதே கேள்விதான்.

வாய்க்கால்

இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவரும் மனிதரையே பார்க்கிறீர்கள், சட்டத்தைப் பாருங்கள்.

குடிமக்கள் படையைத் திரட்ட வேண்டும் என்றால் கவர்னர் கவுன்சிலின் ஆலோசனையைப் பெற வேண்டும். திரட்டியபின் நடத்துவது அவர் பொறுப்பு. கவுன்சில் கூட வேண்டும் என்றால் குறைந்தது நான்கு பேர் வேண்டும். 1781 வசந்தத்தில் எதிரி ஊருக்குள் வர வர, கவுன்சில் உறுப்பினர்கள் தங்கள் வீட்டையும் குடும்பத்தையும் பார்க்கப் போய்விட்டார்கள். கூட்டமே கூட்ட முடியவில்லை. ஜெஃபர்சனின் பதவிக்காலம் முடிந்ததற்கும் ஜூன் 12க்கும் இடையில் கவர்னர் வேலையைப் பார்த்தது கவுன்சில் உறுப்பினர் வில்லியம் ஃபிளெமிங் என்ற ஒரே மனிதர். மருத்துவர், பழைய போர்வீரர். சட்டப்படி கவுன்சில் கூடாமல் அவர் போட்ட உத்தரவுகள் செல்லுமா என்பதே கேள்வி. ஆனாலும் ஆட்களைத் திரட்ட உத்தரவு போட்டார். அவர் பெயரைப் பலருக்குத் தெரியாது, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஜெஃபர்சன் இடத்தில் யார் இருந்திருந்தாலும் இந்தக் கட்டுகள் இருந்திருக்கும். டன்மோருக்காகக் கட்டிய வேலி, கார்ன்வாலிஸ் வந்தபோது சொந்த ஆளையே உள்ளே அடைத்துவிட்டது.

மேசைவிளக்கு

வேலி கட்டியதைத் தப்பு என்று சொல்கிறீர்களா?

வாய்க்கால்

தப்பு என்று சொல்லவில்லை. சண்டைக்காலத்துக்கு ஒரு வாசல் வைக்காமல் கட்டினார்கள் என்கிறேன். அந்த வாசலை ஸ்டான்டனில் அவர்களே அவசர அவசரமாக இடித்து வைத்தார்கள். ஜூன் 12ஆம் தேதி தேர்ந்தெடுத்தது யாரை? 1779இல் முதல் சுற்றோடு வெளியேறிய அதே இளைய நெல்சனை. அவர் குடிமக்கள் படையின் ஜெனரல். தனக்குப்பின் ஒரு படைத்தலைவனே கவர்னராக வர வேண்டும் என்பது ஜெஃபர்சனின் விருப்பமும்கூட. படையைத் திரட்டவும் தானியம், மாடு, வண்டி ஆகியவற்றைக் கட்டாயமாக எடுக்கவும் நெல்சனுக்கு அதிகாரம் கொடுத்தார்கள், கவுன்சில் சம்மதத்தோடு என்ற நிபந்தனையில்.

கார்ன்வாலிஸை வளைத்த யார்க்டவுன் முற்றுகைக்கு நெல்சன் படையோடு போனார். அங்கே கவுன்சிலுக்கு எங்கே போவது? சம்மதம் இல்லாமலே பல உத்தரவுகளைப் போட்டுப் படைக்குச் சாப்பாடு அனுப்பினார். அக்டோபரில் கார்ன்வாலிஸ் சரணடைந்தார். நவம்பரில் உடல்நலம் கெட்டு நெல்சன் பதவி விலகினார். போட்ட உத்தரவுகளுக்காக அவர்மேல் பழி வரக் கூடாது என்று டிசம்பரில் சட்டமன்றம் தனியாக ஒரு பாதுகாப்புச் சட்டம் போட வேண்டியிருந்தது. போரை வெல்ல உதவிய கவர்னருக்கு, சட்டத்தை மீறியதற்கு மன்னிப்பு! எனக்கு இந்த முழுக் கதையிலும் மனதைப் பிசைந்த இடம் இதுதான்.

பழுப்பேடு

ஜெஃபர்சனுக்கு நேர்ந்ததையும் பக்கத்தில் வையுங்கள். நெல்சனைத் தேர்ந்தெடுத்த அதே ஜூன் 12ஆம் தேதி, கடந்த ஒரு வருடத்தில் கவர்னர் நடந்துகொண்ட விதத்தை விசாரிக்க வேண்டும் என்று ஸ்டான்டனில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவர் ஜார்ஜ் நிக்கலஸ் என்ற இளம் உறுப்பினர். ஜெஃபர்சன் இதற்குப் பதில் சொல்வதற்காகவே அவைக்குத் தேர்தலில் நின்று உறுப்பினராகி, டிசம்பரில் எழுந்து குற்றச்சாட்டுகளைத் தானே வாசித்துத் தானே பதிலும் சொன்னார். யாரும் எதிர்த்து எழவில்லை. இரண்டு அவைகளும் அவருக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் போட்டன. ஆனாலும் அந்தக் காயம் ஆறவில்லை. கல்லறைதான் இதை ஆற்றும் என்ற பொருளில் 1782 மே மாதம் தன் நண்பர் ஜேம்ஸ் மன்ரோவுக்கு எழுதினார்.

1779இல் கிடைத்த ஆறு வாக்கு மகிழ்ச்சி தரவில்லை என்று எழுதிய மனிதர், 1781இல் அதே அவையின் ஒரு தீர்மானத்தால் உடைந்து போனார். அதற்குப் பிறகு எழுதிய குறிப்புகளில்தான் அந்த வாசகம் வருகிறது: 173 கொடுங்கோலர்கள் ஒரு கொடுங்கோலனைப் போலவே ஒடுக்கக்கூடும், தேர்ந்தெடுக்கப்பட்ட கொடுங்கோன்மைக்காக நாம் போராடவில்லை. அந்த 173 என்பது சட்டமன்ற உறுப்பினர்களைத்தான். சட்டம், நிர்வாகம், நீதி மூன்றும் கடைசியில் சட்டமன்றத்தின் கையிலேயே போய்ச் சேர்கிறது என்பது அவர் வாதம். கவர்னரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுப்பவனே சம்பளமும் கொடுத்து, விசாரணையும் வைத்தால் கவர்னர் யாருக்கு எதிராக நிற்பார்?

மேசைவிளக்கு

அடிபட்டவர் எழுதியது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆனால் வாதம் வலுவானது, ஒப்புக்கொள்கிறேன்.

முதல்பெஞ்சு

மற்ற மாநிலங்களிலும் இப்படித்தானா?

மேசைவிளக்கு

பெரும்பாலும் இப்படித்தான். நியூ ஜெர்சி, மேரிலாந்து, வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா எல்லாம் சட்டமன்றத் தேர்வு. நியூ ஜெர்சியில் 1776 ஆகஸ்டில் வில்லியம் லிவிங்ஸ்டனுக்கும் ரிச்சர்ட் ஸ்டாக்டனுக்கும் முதலில் சமமாக வாக்கு விழுந்து, மறுநாள் லிவிங்ஸ்டன் வென்றார். 1790இல் சாகும்வரை வருடாவருடம் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். ஒரு வருடப் பதவி என்றால் உறுதியே இருக்காது என்பவர்களுக்கு அவர் ஒருவரே பதில்.

மக்கள் நேரடியாக வாக்களித்தது கனெக்டிகட், ரோட் ஐலண்ட், பிறகு 1777இல் நியூ யார்க், 1780இல் மாசசூசெட்ஸ். மாசசூசெட்ஸில் ஒரு சிக்கலான வழி உண்டு. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் நான்கு பேரிலிருந்து கீழவை இரண்டு பெயரை அனுப்பும், அதில் ஒருவரைச் செனட் தேர்ந்தெடுக்கும். 1785இல் ஜேம்ஸ் பௌடின் அப்படித்தான் கவர்னரானார். அடுத்த வருடமே கடனில் மூழ்கிய விவசாயிகள் ஷேஸ் என்பவர் தலைமையில் கிளர்ந்தார்கள், பௌடின் படை அனுப்பி அடக்கினார். 1787 தேர்தலில் மக்கள் அவரைப் பெரும் வித்தியாசத்தில் தோற்கடித்து ஜான் ஹான்காக்கைக் கொண்டுவந்தார்கள். இதற்குச் சட்டமன்றம் தேவைப்படவே இல்லை.

ஜேம்ஸ்நதிக்கரை

இந்த வழி இன்றும் உயிரோடு இருக்கிறது. வெர்மான்ட் மாநிலத்தில் கவர்னர் வேட்பாளர் யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் சட்டமன்றம்தான் முடிவு செய்யும். 2014 தேர்தலில் அப்படி ஆகி, 2015 ஜனவரியில் பீட்டர் ஷம்லினை 110க்கு 69 என்று தேர்ந்தெடுத்தார்கள். மக்கள் வாக்கில் முன்னால் இருந்தவரும் அவர்தான். ஆனால் ஜார்ஜியாவில் 1966 தேர்தலில் மக்கள் வாக்கில் முன்னால் இருந்தவர் ஹோவர்ட் கேலவே. சட்டமன்றம் தேர்ந்தெடுத்ததோ லெஸ்டர் மேடக்ஸை, இனப் பாகுபாட்டை வெளிப்படையாக ஆதரித்தவரை.

கரிசல்மகள்

இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். சட்டமன்றம் நல்லது, மக்கள் வாக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்லிப் பயன் இல்லை. அந்தச் சட்டமன்றத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யாரை உட்கார விடவில்லை என்பதே கேள்வி. வர்ஜீனியாவில் கவர்னரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க 1851 வரை, எழுபத்தைந்து வருடம் ஆனது. முதலில் அப்படி வந்தவர் ஜோசப் ஜான்சன், மலைக்கு மேற்கேயிருந்து வந்தவர். கடலோரத்தார் இத்தனை வருடம் எதைக் காத்தார்கள் என்பது அதிலேயே தெரிகிறது. அப்போதும் மக்கள் என்றால் வெள்ளை ஆண்கள் மட்டுமே.

வாய்க்கால்

1787இல் பிலடெல்பியாவில் நாட்டின் அரசியலமைப்பை எழுதும்போது, வர்ஜீனியாக்காரர்கள் கொண்டுபோன திட்டத்திலும் நாட்டின் தலைமை நிர்வாகியைச் சட்டமன்றமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றுதான் இருந்தது. அதை அவையில் வைத்த எட்மண்ட் ரான்டால்ஃப் அப்போது வர்ஜீனியாவின் கவர்னர், சட்டமன்றம் தேர்ந்தெடுத்தவர். மாதக்கணக்கில் வாதாடினார்கள். கூவர்னர் மாரிஸ் (கூவர்னர் என்பது அவர் பெயர், பதவி இல்லை) இது உள்சதிக்கு இடம் கொடுக்கும் என்று எதிர்த்தார், ஜேம்ஸ் வில்சன் மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்றார். கடைசியில் இரண்டும் இல்லாமல், ஒவ்வொரு மாநிலமும் நியமிக்கும் தேர்வாளர்கள் வாக்களிக்கும் தேர்வாளர் குழு என்ற முறை வந்தது. ஒருமுறை பதவிக்கு வந்தவர் மறுதேர்வுக்காகச் சட்டமன்றத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்ற கவலை அதில் உண்டு. அந்தக் கவலைக்கு மாநிலங்களின் அனுபவம் காரணம், வர்ஜீனியாவும் அதில் ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

பழுப்பேடு

நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் எல்லோரும் சேர்ந்து பதில் கொடுத்துவிட்டீர்கள். பதவி சின்னதாக இருந்ததால்தான் நண்பர்கள் நண்பர்களாகவே இருக்க முடிந்தது. அதே காரணத்தால்தான் இரண்டு வருடத்தில் அந்தப் பதவி கையை விரித்தது. இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன். 1779இல் நின்ற மூன்று பேருமே கவர்னர் ஆனார்கள். ஜெஃபர்சன் அன்றே. நெல்சன் 1781இல். பேஜ் 1802இல், முதல் வாக்கெடுப்பிலிருந்து 23 வருடம் கழித்து. மன்ரோ மூன்று வருட வரம்பை முடித்து இறங்கியபோது சட்டமன்றம் பேஜைத் தேர்ந்தெடுத்தது. அப்போது ஜெஃபர்சன் நாட்டின் குடியரசுத் தலைவர். பேஜும் மூன்று வருடம் இருந்துவிட்டு வரம்பு முடிந்து இறங்கினார். பரம்பரைச் சொத்து கரைந்து கடனில் இருந்தார். ஜெஃபர்சன் அவரை வர்ஜீனியாவின் கூட்டாட்சிக் கடன் ஆணையராக நியமித்தார். 1808இல் சாகும்வரை அந்த வேலையில் இருந்தார்.

ஜேம்ஸ்நதிக்கரை

பேஜின் கல்லறை இங்கே ரிச்மண்டில் செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்து வளாகத்தில்தான் இருக்கிறது. பேட்ரிக் ஹென்றி 1775இல் தன் புகழ்பெற்ற உரையை ஆற்றிய அதே தேவாலயம். இத்தனை வருடத்தில் உரைக்காகப் போயிருக்கிறேன், பேஜுக்காகப் போனதில்லை. ரோஸ்வெல்லுக்குப் போயிருக்கிறேன். 1916இல் தீப்பிடித்து எரிந்தது, இப்போது செங்கல் சுவர்களும் புகைபோக்கிகளும் மட்டும் நிற்கின்றன.

வரும் ஞாயிறு காலையில் செயின்ட் ஜான்ஸுக்குப் போகிறேன். படம் எடுத்து இதே இழையில் போடுகிறேன்.

முதல்பெஞ்சு

காத்திருக்கிறேன் அண்ணா. முடிந்தால் குக்கூ பலகையையும்.